நல்ல மெயில் ஏன் திரும்பத் திரும்ப ஸ்பேமுக்குப் போகிறது? கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆர்டரை உறுதிசெய்து மெயில் அனுப்பிவிட்டார், இவர்கள் கண்ணில் அது படவே இல்லை, ஸ்பேமில் கிடக்கிறது. வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ். கொல்கத்தாவிலிருந்து சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வரும் குடும்பத்துக்கு அறை உறுதி மெயில் அனுப்புகிறார்கள், அந்தக் குடும்பத்தின் ஸ்பேமில் போய் விழுகிறது. இரண்டு இடத்திலும் புகார் ஒன்றுதான். ஆனால் ஆம்பூர்க்காரர் தன் மெயில் பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். லாட்ஜ்காரர் தன் டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரின் அமைப்பை, சரிசெய்ய வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்துவதால்தான் பலருக்கு இந்தத் தொல்லை வருடக்கணக்கில் தீராமல் இருக்கிறது.

அதனால் முதல் கேள்வி இதுதான்: ஒரே ஒருவர் அனுப்புவது மட்டும் உங்களிடம் ஸ்பேமுக்குப் போகிறதா, பலர் அனுப்புவதும் போகிறதா, அல்லது நீங்கள் அனுப்புவது மற்றவர்களிடம் போகிறதா? ஒருவருடையது மட்டும் என்றால் பெரும்பாலும் அவர் பக்கக் கோளாறு. பலருடையது என்றால் உங்கள் பெட்டியின் அமைப்பு. நீங்கள் அனுப்புவது பலரிடம் போய்ச் சேரவில்லை என்றால் உங்கள் டொமைன். இதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளில் இறங்குங்கள்.

படி 1: மெயில் ஸ்பேமில்தான் இருக்கிறதா?

ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பேம் பெட்டிக்குள் அது தேடாது. "தேடிப் பார்த்தேன், வரவே இல்லை" என்று சொல்பவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கம்ப்யூட்டரில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறிய குறியை அழுத்தினால் விரிவான தேடல் திறக்கும். அதில் எங்கே தேடுவது என்ற இடத்தில் ஸ்பேமும் ட்ராஷும் சேர்ந்த தேர்வை எடுத்துக்கொண்டு, அனுப்பியவர் முகவரியைப் போட்டுத் தேடுங்கள்.

ஸ்பேமில் இல்லாவிட்டால் ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ் தாவல்களைப் பாருங்கள். அங்கே இருந்தால் அது ஸ்பேம் பிரச்சினையே அல்ல. மெயிலை இழுத்து முதல் தாவலில் போட்டு, இனியும் இப்படியே செய்யட்டுமா என்று கேட்கும்போது ஆமாம் சொல்லிவிட்டால் முடிந்தது.

நாள் கணக்கும் முக்கியம். ஜிமெயில் ஸ்பேமில் இருப்பதை 30 நாளில் தானாக அழித்துவிடும். நம் பக்கத்துத் தோல் தொழிலில் இது சாதாரண விஷயம் அல்ல. உடலில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 என்ற நச்சுப் பொருள் ஒரு கிலோ தோலுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி, அந்தச் சோதனை அறிக்கை மெயிலில் பி.டி.எஃப். ஆகத்தான் வருகிறது. அறிக்கை ஸ்பேமில் கிடந்து மறைந்துபோனால் சரக்கு கிளம்பாது. பிரச்சினை தீரும்வரை தினமும் காலையில் ஒருவர் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று அலுவலகத்தில் முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: வெளியே எடுக்கும் முன் யார் அனுப்பியது என்று பாருங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நான் மிகவும் வலியுறுத்துவதும் இதையேதான். மெயில் ஸ்பேமில் விழுந்ததற்கு நல்ல காரணமும் இருக்கலாம். ஏற்றுமதியாளர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி ஒன்று உண்டு: வாடிக்கையாளர் அல்லது சப்ளையர் பெயரிலேயே மெயில் வரும், பழைய உரையாடல் கீழே ஒட்டியிருக்கும், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று இருக்கும். பெயர் சரியாக இருக்கும், முகவரியில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும். இதை நல்ல மெயில் என்று நினைத்து வெளியே எடுத்து, இனி ஸ்பேமுக்கே அனுப்பாதே என்று விதியும் போட்டுவிட்டால், திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும்.

எனவே பெயரின் மேல் தட்டி முழு முகவரியை விரித்து, பழைய மெயிலில் இருக்கும் முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பணம், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் பற்றிய மெயில் என்றால் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. பணம் போய்விட்டது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஸ்பேமில் உள்ள மெயிலைத் திறந்தால் ஏன் இங்கே வந்தது என்று ஜிமெயில் மேலே ஒரு பட்டையில் சொல்லும். இதைப் போன்ற மெயில்கள் முன்பு ஸ்பேமாகக் கண்டறியப்பட்டன, அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்ய முடியவில்லை, இந்த முகவரியை நீங்களே தடுத்திருக்கிறீர்கள் என்பது போல இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், படி 4, 5 இரண்டிலும் உதவும்.

படி 3: முறையாக வெளியே எடுங்கள்

மெயில் நல்லது என்று உறுதியானதும் "நாட் ஸ்பேம்" பட்டனை அழுத்துங்கள். போனில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டால் அது இருக்கும். மெயிலை ஸ்பேம் பெட்டியிலேயே படித்துவிட்டு, இணைப்பை இறக்கிக்கொண்டு போய்விடுவது தவறான பழக்கம், அதிலிருந்து ஸ்பேமைப் பிரிக்கும் வடிகட்டி எதையும் கற்றுக்கொள்ளாது. முகவரியைத் தொடர்புகளில் சேர்த்து, ஒரு வரியாவது பதிலும் அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு விதி போட வேண்டும். இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்யுங்கள். செட்டிங்ஸ் சக்கரத்தை அழுத்தி எல்லா அமைப்புகளையும் திறந்தால், "ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்" என்ற பகுதி இருக்கும். புதிய ஃபில்டர் உருவாக்கி, அனுப்புநர் இடத்தில் முகவரியைப் போட்டு, "நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்" என்பதில் டிக் செய்யுங்கள். ஒரே கம்பெனியிலிருந்து பலர் எழுதினால், @ குறியோடு அவர்கள் டொமைனை மட்டும் போடலாம். ஆனால் ஜிமெயில், யாஹூ போன்ற பொது டொமைன்களை அப்படிப் போடவே கூடாது, ஊரில் உள்ள மோசடிக்காரர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். விதி வேலை செய்தால், நீங்கள் உருவாக்கிய ஃபில்டரால் இது ஸ்பேமுக்குப் போகவில்லை என்று மெயிலின் மேலேயே எழுதியிருக்கும்.

அவுட்லுக்கில் இதே வேலையைச் செய்வது "சேஃப் செண்டர்ஸ்" பட்டியல். ஜங்க் மெயில் அமைப்புக்குள் இருக்கிறது. வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனியின் சி-பேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில் மெயில் வைத்திருப்பவர்கள் "ஸ்பேம் ஃபில்டர்ஸ்" பகுதியில் அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம். அங்கே ஸ்பேம் அசாசின் என்ற மென்பொருள் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். இயல்பாக 5-ஐத் தொட்டால் ஸ்பேம். யாராவது கடுமை போதவில்லை என்று அதை 2 அல்லது 3 ஆகக் குறைத்து வைத்திருந்தால் நல்ல மெயில்களும் சிக்கும். அதே பக்கத்தில் ஸ்பேமைத் தானாக அழிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தேடுவதற்குக்கூட எதுவும் மிஞ்சாது.

படி 4: அப்படியும் திரும்பத் திரும்பப் போகிறதா?

இங்கே நிதானம் தேவை. நாட் ஸ்பேம் அழுத்தியும் அடுத்த வாரம் அதே கதை என்றால், பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்று இருக்கும்.

நம் பகுதி அலுவலகங்களில் நான் அதிகம் பார்ப்பது ஒரே மெயில் ஐ.டி.யைப் பலர் திறந்து வைத்திருப்பது. முதலாளி போன், மேனேஜர் போன், ஏற்றுமதிப் பிரிவுக் கம்ப்யூட்டர், கணக்குப்பிள்ளை லேப்டாப் என எல்லாவற்றிலும் அதே ஐ.டி. கணக்குப்பிள்ளைக்குக் கப்பல் ஏஜென்ட்டின் தினசரி மெயில் தேவையில்லை, அதை ஸ்பேம் என்று தள்ளிவிடுகிறார். ஏற்றுமதிப் பிரிவில் இருப்பவர் தினமும் எடுத்து வெளியே வைக்கிறார். ஒரு கை தள்ள, ஒரு கை இழுக்க, வடிகட்டி என்ன செய்யும்? ஸ்பேம் பட்டன் குப்பையைப் போடும் இடம் அல்ல என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். வேண்டாத மெயிலை அழிக்கலாம், ஆர்க்கைவ் செய்யலாம், அன்சப்ஸ்கிரைப் செய்யலாம்.

அடுத்தது, தெரியாமல் போட்ட பிளாக். ஜிமெயிலில் ஒரு முகவரியை பிளாக் செய்தால் அவர் மெயில் திரும்பிப் போவதில்லை, நேராக ஸ்பேமுக்குத்தான் வருகிறது. போனில் மூன்று புள்ளியைத் தொடும்போது விரல் தவறி பிளாக் ஆகிவிடுவது உண்டு. ஃபில்டர் போட்ட அதே பக்கத்தின் அடியில் பிளாக் பட்டியல் இருக்கும், பெயர் பெயராகப் பாருங்கள். மேலே உள்ள பழைய ஃபில்டர்களையும் பாருங்கள். வேலையை விட்டுப் போன ஒருவர் எப்போதோ போட்ட விதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, இரண்டு வடிகட்டிகள். மெயில் சேவையின் சர்வரில் ஒன்று, நம் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் நிரலில் இன்னொன்று. பிரவுசரில் பார்த்தால் மெயில் இன்பாக்ஸில் வந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிருக்கும். காரணம், எங்கோ திறந்து கிடக்கும் டெஸ்க்டாப் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட் அதை எடுத்துத் தன் ஜங்க் பெட்டியில் போட்டிருக்கும். அவுட்லுக்கின் ஜங்க் அமைப்பில் பாதுகாப்பான பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் என்று ஒரு தேர்வு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால் புதிதாக எழுதும் எந்த வாடிக்கையாளரும் ஜங்கில்தான் விழுவார். தண்டர்பேர்ட் நாம் அழுத்துவதைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்வது. தவறாகப் பழகிவிட்டால் அதன் பயிற்சித் தரவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது: எல்லாக் கம்ப்யூட்டரிலும் மெயில் நிரலை மூடிவிட்டு, பிரவுசரில் மட்டும் திறந்து ஒரு நாள் பாருங்கள். அன்று சரியாக வந்தால், மறுநாள் ஒவ்வொன்றாகத் திறந்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

இதோடு ஒட்டியது, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறை. பழைய கம்ப்யூட்டரில் பாப் போட்டிருந்தால் அது இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும், சர்வரின் ஸ்பேம் பெட்டி கண்ணுக்கே தெரியாது. சர்வரில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் காட்டும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறுங்கள். மாறும் முன், ஏற்கெனவே இறக்கிய பழைய மெயில்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஃபார்வர்டிங். கம்பெனி ஐ.டி.க்கு வருவது தானாக முதலாளியின் சொந்த ஜிமெயிலுக்குப் போகும்படி வைத்திருப்பார்கள். ஜிமெயில் பார்க்கும்போது, வாடிக்கையாளர் பெயரில் ஒரு மெயில், ஆனால் வந்தது நம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து. வாடிக்கையாளரின் டொமைன் அந்தச் சர்வருக்கு அனுமதி தந்திருக்காது, எனவே சந்தேகம். ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு, கம்பெனி ஐ.டி.யையே போனில் தனிக் கணக்காகச் சேர்த்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் கோளாறு அனுப்புபவர் பக்கம்.

படி 5: மெயிலின் ஜாதகத்தைப் படியுங்கள்

ஜிமெயிலில் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் "ஷோ ஒரிஜினல்" என்பதை அழுத்துங்கள். மேலே ஒரு சிறிய அட்டவணை வரும். அதில் எஸ்.பி.எஃப். (SPF), டி.கே.ஐ.எம். (DKIM), டி-மார்க் (DMARC) என்று மூன்று வரிகள், ஒவ்வொன்றின் எதிரிலும் பாஸ் அல்லது ஃபெயில்.

எஸ்.பி.எஃப். என்பது இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வருக்கு உரிமை என்று டொமைன் உரிமையாளர் வெளியிட்ட பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது மெயிலின் மேல் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து, வழியில் யாராவது திருத்தினால் காட்டிக்கொடுக்கும். இவற்றில் ஒன்றாவது தேறி, அது வெளியே தெரியும் அனுப்புநர் டொமைனோடு ஒத்தும் போக வேண்டும். அப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டி-மார்க்.

மூன்றும் பாஸ் ஆகியிருந்தும் ஸ்பேமில் விழுந்தால், உள்ளடக்கமோ அனுப்பியவரின் நற்பெயரோ காரணம். ஏதாவது ஃபெயில் என்றால் நீங்கள் எத்தனை முறை நாட் ஸ்பேம் அழுத்தினாலும் நிலைக்காது. அந்த அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "உங்க மெயில் ஸ்பேம்ல போகுது சார்" என்று மட்டும் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். இந்தப் படம் போனால் அவர்களின் கம்ப்யூட்டர் ஆளுக்கு என்ன செய்வதென்று புரிந்துவிடும்.

படி 6: நீங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழுந்தால்

இப்போது லாட்ஜ்காரரின் கதைக்கு வருவோம். ஒரு ஜிமெயில், ஒரு யாஹூ, ஒரு அவுட்லுக் கணக்குக்கு உண்மையான மெயில் ஒன்றை அனுப்புங்கள். "டெஸ்ட்" என்ற ஒரு சொல் மட்டும் போதாது, வழக்கமாக அனுப்பும் அறை உறுதி மெயிலையே அனுப்புங்கள். மேலே சொன்ன அட்டவணையைப் பாருங்கள்.

எஸ்.பி.எஃப். ஃபெயில் என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஹோஸ்டிங்கை மாற்றியபோது பழைய பட்டியலே இருந்துவிட்டது, அல்லது பழையதை நீக்காமல் இரண்டாவது எஸ்.பி.எஃப். பதிவையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. மெயில் கம்பெனி, பில்லிங் மென்பொருள், வெப்சைட் என எல்லாவற்றையும் அந்த ஒரே வரிக்குள் சேர்க்க வேண்டும். அந்த வரி மற்ற இடங்களைத் தேடிப் போகும் எண்ணிக்கை 10-ஐத் தாண்டக்கூடாது என்பதும் விதி. பயன்படுத்தாத சேவைகளை நீக்கிவிடுங்கள்.

டி.கே.ஐ.எம்.முக்கு மெயில் சேவையின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு சாவி உருவாக்கி, அதை டொமைனின் டி.என்.எஸ்.ஸில், அதாவது டொமைன் பற்றிய பொதுப் பதிவுகள் இருக்கும் இடத்தில், சேர்க்க வேண்டும். கம்பெனிகளுக்கான கூகுள் சேவையான ஒர்க்ஸ்பேஸில் அதற்குப் பிறகு திரும்பி வந்து "ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்" பட்டனையும் அழுத்த வேண்டும். சாவியைப் போட்டுவிட்டு இந்தப் பட்டனை மறந்த டொமைன்கள் நிறைய. டி.என்.எஸ். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம், அதற்குள் பதறி மறுபடி மாற்றாதீர்கள்.

டி-மார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் போட்டு, அறிக்கை வர ஒரு முகவரியும் கொடுங்கள். சில வாரம் பார்த்து, நம் மெயில் எல்லாம் தேறுகிறது என்று தெரிந்த பிறகு கடுமையைக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் நிராகரிப்பு நிலையில் வைத்தால், நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு மென்பொருளின் பில்கள் எல்லாம் காற்றில் போய்விடும்.

வெப்சைட் படிவம்தான் லாட்ஜ், கிளினிக், டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான இடம். யாரோ அறை கேட்டுப் படிவத்தை நிரப்புகிறார். வெப்சைட் அதை அவருடைய யாஹூ முகவரியிலிருந்தே வந்தது போல உங்களுக்கு மெயிலாக அனுப்புகிறது. யாஹூ தன் பெயரில் வேறு சர்வர் அனுப்பும் மெயிலை நிராகரிக்கச் சொல்லி 2014-லேயே அறிவித்துவிட்டது. எனவே அந்த வேண்டுகோள் ஸ்பேமுக்குப் போகும், அல்லது வரவே வராது. வெப்சைட் செய்தவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அனுப்புநர் இடத்தில் நம் டொமைன் முகவரி இருக்கட்டும், ரிப்ளை-டு இடத்தில் மட்டும் வாடிக்கையாளர் முகவரி வரட்டும், மெயில் கடவுச்சொல்லோடு எஸ்.எம்.டி.பி. (மெயில் அனுப்பும் முறை) வழியாகப் போகட்டும்." அரை மணி நேர வேலை. தூரத்து ஊரிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு கிளம்பும் ஒருவர் அறை கிடைத்ததா என்று தெரியாமல் ரயில் ஏறுவது இதனால் நிற்கும்.

படி 7: எழுதும் விதமும் முகவரிப் பட்டியலும்

தொழில்நுட்பம் சரியாக இருந்தும் விழுந்தால் மெயிலையே பாருங்கள். ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் விலைப்பட்டியலைப் படமாக ஒட்டி அனுப்புவது, சுருக்கிய லிங்க், கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு, தலைப்பு முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்து, இவையெல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். கையொப்பத்தில் இருக்கும் பழைய வெப்சைட் லிங்கையும் சோதியுங்கள். அந்த டொமைன் காலாவதியாகி வேறு யார் கைக்காவது போயிருந்தால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலும் அந்தக் கறையைச் சுமக்கும்.

பொங்கல், தீபாவளி வாழ்த்தை இதுவரை கிடைத்த எல்லா முகவரிக்கும் ஒரே அடியில் அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நல்ல மனதோடுதான் அனுப்புகிறோம். ஆனால் பத்து வருடம் முன்பு கண்காட்சியில் விசிட்டிங் கார்டு கொடுத்தவருக்கு நம்மை ஞாபகம் இருக்காது, ஸ்பேம் என்று அழுத்திவிடுவார். அப்படி அழுத்தியவர்களின் விகிதத்தை கூகுள் கணக்கு வைக்கிறது. அது 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது, 0.1-க்குக் கீழேயே இருப்பது நல்லது. பிப்ரவரி 2024 முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். வைத்திருக்க வேண்டும். ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும், கூடவே டி-மார்க்கும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். வாழ்த்தின் கெட்ட பெயர் மறுவாரம் போகும் இன்வாய்ஸின் மேல் விழும்.

படி 8: எல்லாம் பாஸ், ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் போகவில்லை

முதலில் உங்கள் சர்வரின் ஐ.பி. எண் (இணையத்தில் அதன் முகவரி) ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். மலிவான ஹோஸ்டிங்கில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும், அதில் ஒருவர் செய்த வினை எல்லோர் மேலும் விழும். ஹோஸ்டிங் கம்பெனியிடம் எண்ணை மாற்றக் கேளுங்கள், அல்லது மெயிலை மட்டும் தனிச் சேவைக்கு மாற்றுங்கள். உங்கள் கணக்கிலிருந்தே யாரோ ஸ்பேம் அனுப்பியிருந்தால், கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்த பிறகே பட்டியலிலிருந்து நீக்கக் கேளுங்கள். ஸ்பாம்ஹாஸ் நீக்குவதற்குக் காசு வாங்குவதில்லை, நீக்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பட்டியலில் இல்லை என்றால், அந்தக் கம்பெனியின் சொந்த வடிகட்டிதான் பிடித்து வைத்திருக்கும். பெரிய கம்பெனிகளில் இப்படிப் பிடிபடுவது ஊழியரின் ஜங்க் பெட்டிக்குக்கூட வராமல் குவாரன்டைன் என்ற தனி இடத்தில் உட்கார்ந்துவிடும், அவர் தேடினாலும் கிடைக்காது. உங்களோடு பேசும் பர்ச்சேஸ் ஆளிடம், அவர்களின் ஐ.டி. பிரிவுக்கு இந்த நான்கையும் சேர்க்கச் சொல்லுங்கள்: உங்கள் டொமைன், போய்ச் சேராத மெயிலின் தலைப்பு, அனுப்பிய தேதியும் நேரமும், மெசேஜ் ஐ.டி. கடைசியில் சொன்னது ஷோ ஒரிஜினல் பக்கத்தின் முதல் வரியில் இருக்கிறது, அப்படியே நகலெடுக்கலாம். நேரத்தை எழுதும்போது இந்திய நேரம் என்று சேர்த்தே எழுதுங்கள். அவர்கள் பதிவேடு பெரும்பாலும் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்கும், தவறான மணியில் தேடிவிட்டு "அப்படி ஒரு மெயிலே வரவில்லை" என்று முடித்துவிடுவார்கள்.